செய்தியே மூலதனம்

வியாபாரம் நடத்த வேண்டியவை யாவை என்று கேட்டால், பணம், சரக்கு, ஆள், இடம் என்று நான்கை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவோம். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதற்கு எடையில்லை, அதைக் கிடங்கில் அடுக்கி வைக்கவும் இயலாது. அதுதான் செய்தி. எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, யாருக்கு எது தேவை, இன்றைய விலை என்ன, நேற்றுக் கொடுத்த கடன் எவ்வளவு என்னும் விவரங்கள் உரிய காலத்தில் உரியவரிடம் சென்று சேராவிட்டால், மற்ற நான்கும் இருந்தும் பயனில்லை.

இவ்விவரங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, பாதுகாத்து, வேண்டியவருக்கு வேண்டிய சமயத்தில் அளிக்கும் ஏற்பாட்டையே இன்று ‘தகவல் முறைமை’ என்கின்றனர். கணிப்பொறி வந்த பின்னரே இது தோன்றியது என்று எண்ணுவது தவறு. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் பயின்று, ஒரு டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகப் பம்பாயில் வந்திறங்கிய நம் முன்னோர் செய்த வேலைதான் என்ன? துரை சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள், கடிதமாக அடித்தார்கள், நகலைக் கோப்பில் சேர்த்தார்கள், கேட்ட கணத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் காரியாலயங்களின் தகவல் முறைமை அவர்களே அல்லவா? ஆகவே இவ்விஷயம் நமக்கு அந்நியமானதன்று. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு தலைமுறைக் காலம் சோறு போட்டதே இதுதான்.

மும்பையில் வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றையும் நினைத்துப் பார்க்கலாம். 1890ஆம் ஆண்டு மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் தொடங்கிய உணவுப்பெட்டித் தொழிலில், டப்பாவாலாக்கள் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் நிறங்களாலும் எழுத்துகளாலும் எண்களாலும் சில குறிகளை இடுகின்றனர். எந்த ரயில் நிலையத்தில் ஏற்றியது, எந்த நிலையத்தில் இறக்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் அக்குறிகளில் அடங்கிவிடும். முகவரித் தாளும் இல்லை, பேரேடும் இல்லை. பெட்டி கை மாறும் இடந்தோறும், அதைப் பெறுபவருக்குத் தேவையான விவரம் பெட்டியின் மேலேயே இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய விவரம் ஒன்றுகூட அதில் இல்லை. நல்ல தகவல் முறைமைக்கு இதைவிட எளிய இலக்கணம் கூற முடியாது.

இனி, இம்முறைமை போட்டியில் எவ்வாறு ஆயுதமாகிறது என்பதைக் காண்போம். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் போட்டியில் முன்னிற்பதற்குரிய வழிகளை வகுத்துக் காட்டினார். பிறரைவிடக் குறைந்த செலவில் தருவது ஒன்று. பிறரிடம் கிடைக்காத சிறப்பைத் தருவது மற்றொன்று. எல்லோரையும் நாடாமல் குறிப்பிட்ட ஒரு பகுதியினரின் தேவையில் மட்டும் கருத்தூன்றுவது மூன்றாவது. இவற்றுள் எதை மேற்கொண்டாலும், செய்தியைக் கையாளும் திறமை இல்லாதவர் அதில் வெல்வது அரிது. இதற்கு நம் நாட்டிலேயே, நம் கண்முன்னே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

1875இல் தோன்றிய பம்பாய்ப் பங்குச் சந்தை ஆசியாவிலேயே மூத்தது. தலால் தெருவில் அதன் வளையத்துக்குள் தரகர்கள் கூடி நின்று, உரக்கக் கூவியும் கைச்சாடை காட்டியும் பங்குகளை வாங்கி விற்றனர். அந்த வளையத்துக்குள் நின்றவருக்கே உண்மை விலை தெரியும். சென்னையிலோ மதுரையிலோ இருந்து பங்கு வாங்க விரும்பியவர் உள்ளூர்த் தரகரிடம் சொல்ல, அவர் பம்பாய்த் தரகரிடம் சொல்ல, மறுநாள் செய்தித்தாளில் முந்தின நாளின் உச்ச விலையும் தாழ்ந்த விலையும் வரும். அவ்விரண்டுக்கும் இடையே எந்த விலையைத் தரகர் கணக்கில் எழுதினாலும், அதைச் சரிபார்க்க வெளியூர்க்காரருக்கு எளிய வழி இருக்கவில்லை. செய்தி ஒருவரிடம் இருந்து மற்றொருவரிடம் இல்லாதபோது, அந்த இடைவெளியே ஒரு சிலருக்கு வருமானமாகிவிடுகிறது.

1992இல் பங்கு ஊழல் வெளிப்பட்டு நாடே அதிர்ந்தது. அவ்வாண்டிலேயே அரசின் ஊக்கத்துடன் நிதி நிறுவனங்கள் சேர்ந்து தேசியப் பங்குச் சந்தையை ஒரு கம்பெனியாகப் பதிவு செய்தன. 1994 நவம்பரில் அங்கே பங்கு வியாபாரம் தொடங்கியது. வளையம் கிடையாது; கூச்சலும் கிடையாது. தரகரின் அறையில் ஒரு கணிப்பொறி, கூரையில் செயற்கைக்கோளுடன் பேசும் ஒரு சிறு கிண்ண அலைவாங்கி, அவ்வளவே. வாங்க விரும்புவோர், விற்க விரும்புவோர் ஆகியோரின் விலைகள் திரையில் வரிசையாகத் தோன்றும். சிறந்த விலைக்கு முதலிடம். விலை ஒன்றாயின் முந்தி வந்தவருக்கு முதலிடம். ஒவ்வொரு பேரமும் எந்த நிமிடத்தில் எந்த விலையில் நடந்தது என்பது பதிவாகிவிடும். கோயம்புத்தூரில் இருப்பவருக்கும் கொல்கத்தாவில் இருப்பவருக்கும் ஒரே விலை ஒரே கணத்தில் தெரிந்தது.

விளைவு என்ன? ஏறக்குறைய ஓராண்டில் புதிய சந்தையின் வியாபாரம் 120 ஆண்டு வயதுடைய பழைய சந்தையின் வியாபாரத்தை மிஞ்சியது. பழையவரும் வாளாவிருக்கவில்லை. 1995 மார்ச்சிலேயே தம் கணிப்பொறி முறையைத் தொடங்கிவிட்டனர். இயந்திரத்தில் அவர்கள் பின்தங்கியது சில மாதங்கள்தாம். ஆனால் வாங்குவோர் கூடும் இடத்துக்கே விற்போர் வருவர். விற்போர் கூடும் இடத்துக்கே வாங்குவோர் வருவர். ஒருமுறை திசை திரும்பிய கூட்டத்தை மீண்டும் திருப்புவது எளிதன்று. இயந்திரத்தை யாரும் விலைக்கு வாங்கிவிடலாம்; நம்பிக்கையை வாங்க முடியாது. புதிய சந்தை வென்றது கணிப்பொறியால் மட்டுமன்று. முன்பு ஒரு சிலர் கையில் இருந்த செய்தியை எல்லோர்க்கும் பொதுவாக்கியதனாலேயே வென்றது.

சாமானியக் குடும்பங்களும் இதனால் பயனடைந்தன. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த பங்குப் பத்திரம் கரையானுக்கு இரையாகும், தபாலில் காணாமற்போகும், கையெழுத்து மாறியிருக்கிறது என்று திரும்பி வரும். போலிப் பத்திரங்களின் தொல்லை வேறு. 1996இல் பங்குகளைக் கணக்குப் பதிவாகவே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு சட்டபூர்வமாக வந்தபின், இத்தொல்லைகள் படிப்படியாக மறைந்தன.

எனினும் நாணயத்துக்கு மறுபுறமும் உண்டு. 1937இல் தோன்றிய சென்னைப் பங்குச் சந்தை 2015இல் தன் வாழ்வை முடித்துக்கொண்டது. கோயம்புத்தூர்ச் சந்தையும் இவ்வாறே மறைந்தது. எல்லோரும் ஒரே திரையைப் பார்க்கத் தொடங்கியபின், ஊருக்கொரு சந்தை தேவையற்றுப்போயிற்று. அச்சந்தைகளை நம்பியிருந்த எழுத்தர்களும் சிறு தரகர்களும் வேறு வழி தேட நேர்ந்தது. செய்தி விரைந்து செல்லும்போது, அதைச் சுமந்து சென்றவர்களின் சுமை இறங்குகிறது. சில சமயம் அவர்கள் பிழைப்பும் அதனுடன் இறங்கிவிடுகிறது.

செய்தியைத் தன் கையில் வைத்திருப்பவர் நேர்மையாக இருப்பாரா என்பது மற்றொரு கேள்வி. 1953இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனையாளர் ஒருவரும் ஒரே விமானத்தில் பயணம் செய்தபோது பேசிக்கொண்டதிலிருந்து ‘சேபர்’ என்னும் முன்பதிவு முறை பிறந்தது. 1964இல் அது முழு அளவில் இயங்கியது. அட்டைப் பெட்டிகளில் கை தேடிய இருக்கை விவரம் சில விநாடிகளில் கிடைத்தது. 1976 முதல் பயண முகவர்களின் மேஜைகளுக்கும் அத்திரை சென்றது. அப்பொழுது ஓர் உண்மை புலப்பட்டது. முகவர்கள் பெரும்பாலும் திரையில் முதலில் தோன்றும் விமானத்திலேயே சீட்டுப் பதிவார்கள். திரைக்குச் சொந்தக்காரர் தம் விமானங்களையே முன்னே நிறுத்தினார். போட்டியாளர்கள் முறையிட்டனர். 1984இல் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து வாரியம் இத்தகைய பாரபட்சத்தைத் தடுத்து விதி செய்தது. இன்று கைப்பேசியில் பொருள் தேடும் நாமும் இதை நினைவிற்கொள்ளுதல் நலம். முதலில் தோன்றுவதெல்லாம் முதல் தரமானதன்று.

நம் நாட்டு ரயில்வே 1985-86இல் தில்லியில் கணிப்பொறி முன்பதிவைத் தொடங்கியது. 2002இல் இணையம் வழியாகவும் சீட்டு வழங்கலாயிற்று. கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல விடியற்காலையில் வரிசையில் நின்று, ஊரிலிருந்து திரும்பும் பயணத்துக்குத் தந்தி வழியே இடம் கேட்டு, பதில் வருமோ வராதோ என்று கலங்கிய காலத்தை நம் முதியோர் அறிவர். இன்று போகவும் வரவும் ஒரே இடத்தில் சீட்டுப் பெறுகிறோம். இருக்கைகள் பெருகினால்தான் இடம் பெருகும். ஆனால் இருக்கிற இடம் எவ்வளவு என்று எல்லோர்க்கும் தெரிவதே ஒரு நீதியாகும்.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை சில உண்டு. மளிகைக் கடையோ, மாவு அரைக்கும் கடையோ, சிற்றுண்டிச் சாலையோ நடத்தும் நம் அன்பர்கள், கணிப்பொறி வாங்குமுன், எந்த விவரம் தெரியாததால் தமக்கு நஷ்டம் வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நன்று. எந்தச் சரக்கு தேங்குகிறது, எந்த வாடிக்கையாளர் வருவதை நிறுத்தினார், எவருடைய பாக்கி நீள்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தராத இயந்திரம் எவ்வளவு விலை பெற்றதாயினும் அலங்காரப் பொருளே.

நம் இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவோம். நம் பாட்டனார் பயின்ற தட்டெழுத்து இன்று சோறு போடுவதில்லை. ஆயினும் அவர்களிடம் இருந்த வேறொரு தேர்ச்சி பழமையாகிவிடவில்லை. நூறு கடிதங்களில் துரை உடனே பார்க்க வேண்டிய கடிதம் எது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கேட்டதைப் பிழையின்றிக் குறித்தார்கள். கண்டதை வெளியே சொல்லாதிருந்தார்கள். விவரத்தைத் தேடித் தரும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதைப் பகுத்தறிந்து, உண்மையுடன் பயன்படுத்தும் பொறுப்பு இன்னும் மனிதரிடமே இருக்கிறது. அந்தப் பொறுப்புக்குத் தகுதியுடையவர்களாக நம் பிள்ளைகளை ஆக்குவது பெற்றோராகிய நம் கடமையாகும்.