சிப்பைப் பார், விலையை அப்புறம் பார்

2015ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த இரண்டு சின்ன போர்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று இங்கிலாந்தின் ராஸ்ப்பெரி பை 2, விலை 35 டாலர். இன்னொன்று சீனாவின் ஆரஞ்சு பை பிசி, விலை 15 டாலர். இரண்டிலும் கார்டெக்ஸ் ஏ7 வகையைச் சேர்ந்த நான்கு கோர்கள், இரண்டிலும் 1 ஜிபி ரேம். பொழுதுபோக்காக லினக்ஸ் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் எதை வாங்குவார்? கூட்டல் கழித்தல் தெரிந்த பலர் 15 டாலர் போர்டைத்தான் வாங்கினார்கள். அது ஏன் இப்படிக் கொதிக்கிறது, ஏன் இந்தப் பழைய கெர்னலைத் தவிர வேறெதுவும் ஏற மறுக்கிறது என்று கேட்டுக்கொண்டே அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கழித்தார்கள்.

மீதமான 20 டாலர் எங்கே போனது என்பது புரிந்தால் இதுபோன்ற ஆர்ம் போர்டு வாங்கும் வித்தை பாதி கைவந்துவிடும்.

வீட்டில் கிடக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால் அநேகமாக ஓடிவிடும். என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று பயாஸிடமும் பிசிஐ தடத்திடமும் கெர்னல் விசாரித்துக்கொள்கிறது. சின்ன ஆர்ம் போர்டில் அப்படி விசாரிக்க ஆள் கிடையாது. ஈதர்நெட் எந்த முகவரியில் இருக்கிறது, எந்த மின்னழுத்தம் எந்தக் காலில் வருகிறது என்பதையெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். ஆர்ம் நிறுவனம் வடிவமைத்துத் தருவது கோரை. அதைச் சுற்றி மற்றதை எப்படி அடுக்குவது என்பது சிப் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போர்டுக்கு போர்டு மாறும்.

ஒரு காலத்தில் இந்த விவரங்கள் கெர்னலுக்குள்ளேயே போர்டுக்கு ஒரு கோப்பு என்று குவிந்துகொண்டிருந்தன. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, அச்சில் போட முடியாத வார்த்தைகளில் ஆர்ம்காரர்களைத் திட்டித் தீர்த்தார். திட்டுக்குப் பலன் இருந்தது. வன்பொருள் விவரத்தைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைக்கும் டிவைஸ் ட்ரீ முறை ஆர்முக்கு வந்தது. 2012 டிசம்பரில் வெளியான 3.7 கெர்னலில், பல வகை ஆர்ம் சிப்களுக்கு ஒரே கெர்னல் என்ற ஏற்பாடு உருப்பெறத் தொடங்கியது. டோர்வால்ட்ஸின் மூலக் கெர்னலில் ஒரு சிப்புக்கான டிரைவர்களும் போர்டுக்கான டிவைஸ் ட்ரீயும் சேர்ந்துவிட்டால் அதை ‘மெயின்லைனில் இருக்கிறது’ என்பார்கள். சேராவிட்டால் சிப் கம்பெனி எப்போதோ வெட்டி ஒட்டிக் கொடுத்த கெர்னல்தான் கதி.

ஆரஞ்சு பை பிசியின் ஆல்வின்னர் எச்3 சிப் இந்த இரண்டாம் வகையாகத்தான் பிறந்தது. டிவி பெட்டிகளுக்காகச் செய்யப்பட்ட சிப் அது. ஆண்ட்ராய்டு ஓடினால் போதும் என்று 3.4 கெர்னல் ஒன்றைக் கம்பெனி கொடுத்தது. அந்தக் கெர்னலில் இருந்த கோளாறு 2016இல் வெளிவந்தபோது பலர் தலையில் கைவைத்தார்கள். ‘ரூட்மைடிவைஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை ஒரு குறிப்பிட்ட கோப்பில் எழுதினால் போதும், எந்தச் சாதாரணப் பயனரும் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகிவிடலாம். சோதனைக்காக யாரோ வைத்த கதவை மூடாமலே விற்றுவிட்டார்கள்.

அந்தப் பழைய கெர்னலின் பிடியிலிருந்து போர்டை விடுவித்தது கம்பெனி அல்ல. லினக்ஸ்-சன்ஷி என்ற தன்னார்வலர் குழு ஆல்வின்னர் சிப்களைத் துருவித் துருவி ஆராய்ந்து, டிரைவர்களைப் புதிதாக எழுதி மெயின்லைனுக்கு அனுப்பியது. எச்3இன் ஈதர்நெட் டிரைவர் அங்கே நிலைபெற 2018 தொடக்கத்தில் வந்த 4.15 கெர்னல் வரை ஆனது. வீடியோ டிகோடருக்காக பூட்லின் என்ற பிரெஞ்சு நிறுவனம் அதே ஆண்டு கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. இன்று அதே எச்3 போர்டு ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் பதிப்பின் புதிய கெர்னலில் சமர்த்தாக ஓடுகிறது. பழையதாகக் கிடைத்தால் நம்பி வாங்கலாம். ஆக, புத்தம்புது சிப் வந்த போர்டை வெளியான மாதமே வாங்காதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு பழுத்த சிப்பை வாங்குங்கள். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, போர்டு வாங்குகிறவர் சிப்பின் பெயரைக் கேட்டு, மெயின்லைனில் அதற்கு எதெல்லாம் வேலை செய்கிறது என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். ரேம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ராஸ்ப்பெரி பை மட்டும் எப்படித் தப்பித்தது? 2012 பிப்ரவரி 29 அன்று வெளியான முதல் பை, வன்பொருளாகப் பார்த்தால் அன்றைக்கே பழசு. 700 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம், ஆர்ம்வி6 வகைக் கோர். டெபியன் லினக்ஸ்காரர்கள் அப்போது தயாரித்துக்கொண்டிருந்த வேகமான ஆர்ம் பதிப்போ ஆர்ம்வி7 இருந்தால்தான் ஓடும். மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் டெபியனின் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை அந்தப் பழைய கோருக்காக மறுபடி கம்பைல் செய்தார்கள். ராஸ்பியன் பிறந்தது அப்படித்தான். பையைத் தூக்கி நிறுத்தியதில் வன்பொருளைவிட இந்த உழைப்புக்குத்தான் பங்கு அதிகம் என்பேன். பை ஒன்றும் முழுத் திறந்த போர்டு அல்ல. மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது கிராபிக்ஸ் பகுதி, அதன் ஃபர்ம்வேர் மூடியது. கொள்கைக்காரர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் முதல் முறையாக வாங்குகிறவருக்கு என் பரிந்துரை பைதான். அதிலும் 2021இல் 15 டாலருக்கு வந்த பை ஜீரோ 2 டபிள்யூ. ரேம் 512 எம்பிதான். டெஸ்க்டாப் கனவு வேண்டாம். விளம்பரம் தடுக்கும் பை-ஹோல், செடித் தொட்டியின் ஈரம் அளக்கும் சென்சார், பைத்தான் பழகுவது, இவற்றுக்கெல்லாம் தாராளம்.

அந்த 15 டாலர் நம்மூரில் அப்படியே இருக்காது. வரியும் இறக்குமதியாளரின் லாபமும் ஏறும். அதற்கு மேல் நல்ல பவர் அடாப்டர், நல்ல எஸ்டி கார்டு, மினி எச்டிஎம்ஐ கேபிள். போன் சார்ஜர் போதுமே என்று தோன்றும். பெரிய பைகளில் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினால் திரை மூலையில் மின்னல் சின்னம் வரும், போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜீரோ வகையில் அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் போர்டுக்குப் பேரம் பேசுங்கள், அடாப்டருக்குப் பேசாதீர்கள்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பயமே வேண்டாம். 3 வாட் இழுக்கும் போர்டு இரவும் பகலும் ஓடினால் ஆண்டுக்கு 26 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் அது நான்கரை யூனிட்டைத் தாண்டாது. 50 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை அதே வேலைக்கு வைத்தால் ஆண்டுக்கு 438 யூனிட். பயப்பட வேண்டியது மின்வெட்டுக்கு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெடும். ரவுட்டருக்கு விற்கும் சின்ன யூபிஎஸ்களில் 5 வோல்ட் தருவதும் உண்டு, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்கிவிடுங்கள்.

காசே செலவழிக்க மனமில்லையா? பீரோவில் தூங்கும் பழைய போனும் ஆர்ம் கணினிதான். 2018 ஆகஸ்ட்டில் இந்தியாவில் 20,999 ரூபாய் முதல் விற்ற போக்கோ எஃப்1 நல்ல உதாரணம். அதன் ஸ்னாப்டிராகன் 845 சிப்புக்கு மெயின்லைனில் நல்ல ஆதரவு, ரேம் குறைந்தது 6 ஜிபி. போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் அதில் ஏறும். ஏற்றுவதற்கு முன் உங்கள் போனின் திரை டியான்மாவா, ஈபிபிஜியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டுக்கும் தனித்தனிப் பதிப்பு. பேட்டரி உள்ளேயே இருப்பதால் யூபிஎஸ் தேவையில்லை. எப்போதும் சார்ஜில் கிடந்தால் அந்தப் பேட்டரி உப்பக்கூடும், அவ்வப்போது முதுகைத் தடவிப் பாருங்கள்.

மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே பெயர், ஒரே அட்டைப்பெட்டி, திறந்தால் வேறு வைஃபை சிப். தொழிற்சாலையிலிருந்தே தீநிரல் ஏறி வருவதும் உண்டு. 2023 ஜனவரியில் டி95 என்ற பெட்டியில் அப்படிப் பிடிபட்டது. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் வலை பற்றி 2025இல் அமெரிக்க எஃப்பிஐ எச்சரித்ததும் இந்த ரகச் சாதனங்களைக் குறித்துத்தான். வீட்டுக் கோப்புகளை வைக்க ஒரு சர்வர் மட்டும் போதும், ஆர்ம் மீது பிரியம் ஒன்றும் இல்லை என்றால், அலுவலகங்கள் கழித்துப்போட்ட இன்டெல் தின் கிளையன்ட் ஒன்றை வாங்கி நிம்மதியாக இருக்கலாம்.

எந்த போர்டு வாங்கினாலும் கூடவே ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள் வாங்குங்கள், 3.3 வோல்ட் வகை. 5 வோல்ட் கேபிள் சிப்பைக் கொன்றுவிடும். திரையில் ஒன்றுமே வராதபோது பூட்லோடர் எங்கே தடுக்கிவிழுந்தது என்று சொல்வது அதுதான். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று மூன்றே கம்பிகள். டிஎக்ஸை எதிர்ப்பக்கத்து ஆர்எக்ஸில் மாற்றிச் செருக வேண்டும். வேகம் பெரும்பாலும் 1,15,200. ராக்சிப் போர்டுகள் பலவற்றில் மட்டும் 15,00,000. அங்கே குப்பை எழுத்துகள் ஓடினால் போர்டு பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், வேகத்தை மாற்றிப் பாருங்கள்.