கயிறு அறுந்தால் செலவு யாருடையது?

மகளும் மருமகனும் முதுகுப்பைகளோடு நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றிவரத் திட்டமிட்டனர். குவீன்ஸ்டவுன் அருகே கவராவ் பாலத்திலிருந்து, காலில் கயிறு கட்டி ஆற்றை நோக்கிக் குதிப்பதும் அதில் அடக்கம். உயரம் 43 மீட்டர். 1988 முதல் அங்கே இது கட்டண விளையாட்டு. "கயிறு அறுந்தால்?" என்றார் என் மனைவி. அறுந்தால் செலவு யாருடையது என்று யோசித்தேன் நான். பொருளியல் கற்பித்தவனின் பழக்கதோஷம்.

1974 முதல் அந்நாட்டில், விபத்தில் காயமுற்றவரின் சிகிச்சைச் செலவை, தவறு யாருடையது என்று ஆராயாமல் அரசு அமைப்பே ஏற்கிறது. வெளிநாட்டுப் பயணிக்கும் இது பொருந்தும். அதற்கு ஈடாக, காயத்துக்கு இழப்பீடு கோரி வழக்குத் தொடரும் உரிமை பொதுவாகக் கிடையாது. துணிகர விளையாட்டு நிறுவனங்கள் அங்கே தழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வழக்கு அச்சம் நீங்கினால் கவனம் தளராதா? 2008இல் அதே கவராவ் ஆற்றில், மிதவைப் பலகையில் சென்ற பிரிட்டன் இளம்பெண் ஒருவர் பாறையில் சிக்கி உயிரிழந்தார். அவருடைய தந்தை பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அரசு இத்துறையை ஆய்வு செய்தது. 2011இல் வந்த விதிகள் பாதுகாப்புத் தணிக்கையையும் பதிவையும் கட்டாயமாக்கின. உயிர் போன பிறகே விதி வருகிறது, அங்கேயும்.

நிறுவனம் பதிவேட்டில் உள்ளதா என்று பார்க்கச் சொன்னேன். பயணக் காப்பீடும் வேண்டும். தாயகம் கொண்டுவரும் செலவையோ இங்கே இழக்கும் ஊதியத்தையோ அந்த அரசு தராது. மருமகன் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். 'துணிகர விளையாட்டுகள் நீங்கலாக' என்றிருந்தது. கூடுதல் கட்டணம் செலுத்தி அவ்வரியை நீக்கிய பிறகே விமானம் ஏறினார்கள்.