பாலையும் விட்டவர்கள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் பஸ் கோபாலபுரத்தில் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைகிறது. வேலை நிமித்தம் இந்த வழியே போய்வரும் நம்மவர்களுக்குத் தெரிந்த இடந்தான். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை. அந்த நாட்களில் வால் நெருங்கக் கட்டிய மாடுகளுடன் லாரிகள் மேற்கே போவதைப் பார்க்கலாம். எல்லையோரச் சாலைகளில் பால் லாரிகளும் அதே திசையில்தான் போகின்றன. பக்கத்து மீனாட்சிபுரத்தில் பாலைச் சோதித்து அனுப்புவதற்கென்றே கேரள அரசு ஒரு சாவடி வைத்திருக்கிறது.

கோபாலன் என்றால் பசுவைக் காப்பவன். அவன் பெயர் வைத்த ஊரின் சுற்றுப்புறத்தில் இந்த இரண்டு வகை லாரிகளும் ஓடுகின்றன. மாட்டு லாரியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சைவர், பால் லாரியைக் கண்டு அப்படிச் செய்வதில்லை. கறி பாவம், பால் புண்ணியம் என்றுதான் நாம் வளர்ந்தோம். ஆனால் இரண்டு லாரிக்கும் சரக்கு ஒரே தொழுவத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஒரு கூட்டத்தார் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'வீகன்' என்று பெயர். தமிழில் 'நனிசைவம்' என்று சிலர் எழுதுகிறார்கள்.

இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் எதையும் இவர்கள் உண்பதில்லை. தோல் செருப்பு, பட்டு, கம்பளி ஆகியவற்றையும் தவிர்க்கிறார்கள். 1944-ம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்ற பள்ளி ஆசிரியரும் சில நண்பர்களும் சேர்ந்து இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டி இந்தப் பெயரை உண்டாக்கினார்கள். சிறு வயதில் மாமன் பண்ணையில் பன்றி வெட்டியதைப் பார்த்ததுதான் வாட்சனின் மனதை மாற்றியது. அவர் 95 வயது வரை இருந்து 2005-ல் காலமானார்.

காளைக்கன்று என்ன ஆகிறது?

இவர்கள் சொல்லும் முதல் காரணம் எளிமையானது. பசு கன்று ஈன்றால்தான் பால் தரும். ஆகவே பால் வேண்டுமானால் அது திரும்பத் திரும்பச் சினைப்பட வேண்டும். பிறப்பதில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. கிடாரியை வளர்த்தால் நாளைக்குக் கறவை. காளைக்கன்றை?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூன்று கறவை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஓர் அம்மாளிடம் இதைக் கேட்டோம். ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னார்.

"முன்னெல்லாம் காளைக்கன்னு பொறந்தா ஏருக்கு, வண்டிக்கு ஆகுமுங்க தம்பி. இப்ப உழவுக்கு டிராக்டர். தீனி போட்டு என்ன செய்யறது? ஏவாரி வந்தா குடுத்துடுவோம். வத்துன மாடும் அப்படித்தானுங்க. எங்க போகுதுன்னு கேக்கறதில்லை."

அடிமாடு என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவே இல்லை. தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கேரளத்தில் மாடு அறுக்க முழுத் தடை இல்லை. வற்றிய மாடு எல்லை தாண்டுவதற்கு இது ஒரு காரணம். கிடாரியே பிறக்கும்படியான சினை ஊசி இப்போது வந்திருக்கிறது. ஆனாலும் வற்றிய மாட்டுக்கு ஊசி எதுவும் கிடையாது.

காந்தியும் ஆட்டுப் பாலும்

இது வெள்ளைக்காரர் நாட்டு நாகரிகம் என்று ஒதுக்க முடியாது. வாட்சனுக்கு 32 வருஷம் முன்னாலேயே, 1912-ல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் காந்திஜி பாலை விட்டார். லாலி என்ற ரயில் நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கரில் இருந்த அந்தப் பண்ணையில், சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தமிழர்களின் குடும்பங்கள் நிறைய இருந்தன. பிள்ளைகளுக்குக் காந்திஜியே தமிழ் சொல்லிக் கொடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவில் கடைசிச் சொட்டுவரை கறக்க மாடுகளைப் படுத்திய பாட்டைப் பற்றிப் படித்தது அவர் மனதை உறுத்தியது. நண்பர் காலன்பாக்கும் அவரும் சேர்ந்தே விட்டார்கள்.

1918-ல் வயிற்றுக்கடுப்பில் விழுந்து சாவின் வாசல் வரை போனார். டாக்டர் பால் குடிக்கச் சொன்னார். சபதம் பசு, எருமைப் பாலைப் பற்றித்தானே, ஆட்டுப் பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா வழி காட்டினார். குடித்தார், பிழைத்தார். ஆனால் சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற கருத்தில் தமது சுயசரிதையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். பாலுக்கு ஈடான தாவர உணவு கிடைக்கவில்லையே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

நம் பக்கத்தில் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார் புலாலை அறவே மறுத்தார். காஞ்சிப் பெரியவர் பட்டு வேண்டாம் என்றார். பட்டுக்காகப் புழுவை வேகவைக்கும் காரியத்தை அவர் எண்ணிப் பார்க்கச் சொன்னபோது, பட்டுப் புடவை கட்டிக் கேட்டவர்கள் எத்தனை பேரோ!

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கேரளத்தில் இருக்கும் நமக்கு இது மற்றவர்களைவிடச் சுலபம். கட்டஞ்சாயா இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். புட்டும் கடலையும், கஞ்சியும் பயறும், தேங்காய்ப் பாலில் செய்யும் ஓலன், இஷ்டு எல்லாம் பால் படாதவை. அவியலில் மட்டும் தயிர் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் இட்லி, சாம்பாருக்கும் பஞ்சமில்லை. நெய் ஊற்றாதே என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சரி.

சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்பார்கள். 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம். அதே அளவு கேழ்வரகில் 340-க்கு மேல். கேழ்வரகில் உள்ளது அவ்வளவும் உடம்பில் சேராது என்றாலும் கணக்கு மோசமில்லை. எள், முருங்கைக் கீரையும் உண்டு.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. பி-12 என்ற வைட்டமின் தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைக்காது. பாலையும் விட்டவர் அதை மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் சோகையும், கை கால் மரத்துப் போவதும், நரம்புக் கோளாறும் வரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. இதைச் சொல்லாமல் எல்லா நோயும் பறந்துவிடும் என்று அளப்பவர்களை நம்ப வேண்டாம்.

நாமும் மூன்று மாதமாகப் பால் சாயாவை விட்டிருக்கிறோம். மோர் மட்டும் விடமாட்டேன் என்கிறது. அரைகுறை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறோம்.

மூன்று மாட்டுக்கார அம்மாளிடம் வீகன்களைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் பாலை நிறுத்திட்டா எம் பேத்தி படிப்புக்கு யாருங்க தம்பி பணம் தர்றது?" என்று கேட்டார். சித்தூர் வட்டாரத்தில் மழை பொய்த்த வருஷத்திலும் வாரந்தோறும் கையில் காசு வருவது மாட்டினால்தான். வீகன் சங்கத்தார் இதற்கு நேரான பதில் சொல்லி நாம் படித்ததில்லை. புறப்படும்போது அந்த அம்மாள் பெரிய லோட்டாவில் மோர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தோம். தொழுவத்தில் பத்து நாள் கன்று ஒன்று கட்டியிருந்தது. காளைக்கன்று.