கொடி கட்டிய கால்கள்

1995ஆம் ஆண்டு, அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள ரியோ கிராண்டே கடற்கரையில் ஆய்வாளர்கள் ஓர் உள்ளானைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். ரெட் நாட் என்ற இனம். வலசை கிளம்பும் பருவத்தில் மார்பு செங்கல் நிறத்துக்கு மாறும். பின்னாளில் அதன் காலில் பி95 என்று எழுதிய சிறு ஆரஞ்சுக் கொடியும் ஏறியது. 2014 மே மாதம், நியூ ஜெர்சியின் டெலவேர் விரிகுடாவில் அதே கொடி கண்ணில் பட்டது. தென்கோடியிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போய்த் திரும்ப ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 கி.மீ. ஆகிறது. அது ஆயுளில் பறந்ததைக் கூட்டினால் நிலவுக்குப் போய், பாதி வழி திரும்பிவிடலாம். ‘நிலாப் பறவை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு உலோக வளையம் இட்டுவருகிறது. வளையத்தின் எண்ணைப் படிக்கப் பெரும்பாலும் பறவையை மறுபடி பிடித்தாக வேண்டும். கொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. தொலைவில் நின்றே லென்ஸ் வழியாகப் படித்துவிடலாம். கொடியின் நிறம் அதைக் கட்டிய நாட்டைச் சொல்லும்: ஆரஞ்சு என்றால் அர்ஜென்டினா, சிவப்பு சிலி, வெள்ளை கனடா, எலுமிச்சைப் பச்சை அமெரிக்கா.

நியூ ஜெர்சியின் எடிசன் நகர்ப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால், டெலவேர் விரிகுடாக் கரையில் ரீட்ஸ் பீச். மே மாதப் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி கடல் ஏறும்போது குதிரைலாட நண்டுகள் ஆயிரக்கணக்கில் கரையேறி மணலில் முட்டையிடும். கண் விரிய வைக்கும் காட்சி அது. ஒரு குழியில் சுமார் 4,000 முட்டைகள். கல்திருப்பி உள்ளான்கள் மணலைத் தோண்டித் தின்னும். ரெட் நாட் அப்படித் தோண்டுவதில்லை. மேலே கிடப்பதைத்தான் கொத்தும். பின்னால் வரும் நண்டு முந்தைய நண்டின் குழியைக் கிளறினால்தான் முட்டை மேலே வரும். ஆகவே நண்டுகள் கொஞ்சம் இருந்தால் போதாது, நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டும். 1990களில் மீன்பிடி இரைக்காக நண்டுகளை வாரிக் குவித்தபோது பறவைகள் பட்டினி கிடந்ததற்குக் காரணம் இதுதான். நியூ ஜெர்சி 2008இல் நண்டு பிடிப்பதைத் தடை செய்தது. இந்த விரிகுடாவில் 1980களில் 90,000க்கு மேல் எண்ணப்பட்ட ரெட் நாட்கள், 2021இல் 7,000கூட இல்லை.

மெலிந்து வந்திறங்கும் பறவை இரண்டே வாரத்தில் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். நெடும்பயணத்துக்கு முன் அதன் இரைப்பை சுருங்கிவிடும். சிப்பிகளை அரைக்கும் வலு அப்போது அதற்கு இல்லை. மென்மையான, கொழுப்பு நிறைந்த இந்த முட்டைதான் கதி. ஒருமுறை கூட்டத்தைக் கலைத்தால் தின்னும் நேரமும் போச்சு, சேர்த்த கொழுப்பும் போச்சு. அதனால்தான் மே தொடக்கம் முதல் ஜூன் 7 வரை இந்தக் கரைகளில் இறங்கக் கூடாது. ஒதுக்கிய இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

கொத்திக்கொண்டிருந்த பறவைகள் ஒரே நேரத்தில் தலை தூக்கினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். கூட்டம் மொத்தமாக எழும்பும் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காகவே பறவைகளை விரட்டுகிறவர்கள் உண்டு. அது எனக்கு ஒருபோதும் ஒப்பாத செயல்.

கரை மேற்கு நோக்கியிருப்பதால் காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். ஏறும் கடல் பறவைகளையும் நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அப்போது படமெடுத்தால் முகத்தோடு நின்றுவிடாமல் கால்களையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். நனைந்த கொடியின் எழுத்து ஒரு கோணத்தில் மினுங்கி மறையும். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால் ஒன்றிலாவது தெளியும். கொடியின் நிறம், எழுத்து, தேதி, கரையின் பெயர் நான்கையும் வளையத் தரவு சேகரிப்போருக்கு அனுப்புங்கள். எந்தப் பறவை எந்த ஆண்டு திரும்பியது, எது திரும்பவில்லை என்பதிலிருந்தே மொத்தம் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். எழுத்து பாதிதான் தெரிகிறதென்றால் ஊகித்து நிரப்ப வேண்டாம். தவறான ஓர் எழுத்து, இறந்த பறவையை உயிரோடு இருப்பதாகக் காட்டிவிடும்.