திருநாளும் சிக்கனமும்

மக்கள் வாழ்வில் மகிழ்ச்சியைப் பெருக்குவன திருநாள்கள். உழைத்துக் களைத்த உள்ளத்திற்கு அவை ஊக்கம் ஊட்டுகின்றன. பிரிந்திருந்த உறவினரை ஒன்று கூட்டுகின்றன. ஆயினும், ஒருநாள் மகிழ்ச்சிக்காக ஓராண்டுத் துன்பத்தை விலைக்கு வாங்குவோரும் உளர். விளக்குகள் அணைந்த மறுநாளே கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நிற்பாராயின், அத்திருநாளால் விளைந்த பயன் யாது? ஆதலின், திருநாட் செலவைத் திட்டமிடும் முறையை யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இம்முறையைக் கற்பதற்கு விருதுநகர் வட்டாரம் மிகவும் ஏற்ற இடமாகும். இது மழை குறைந்த கரிசற் பூமி. நிலத்தை மட்டுமே நம்பி வாழ இயலாமையால், இங்குள்ள மக்கள் வாணிகத்தையும் கைத்தொழிலையும் துணைக்கொண்டனர். பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் முதலிய பண்டங்களின் வாணிகத்தால் விருதுநகர் பெயர்பெற்றது. அந்நகரச் சந்தையின் விலை நிலவரத்தை நாளிதழ்கள் வெளியிட்டு வருகின்றன.

அவ்வூராரின் சேமிப்புத் திறனுக்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1889ஆம் ஆண்டில் அங்கே சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி தோன்றியது. அப்பள்ளியை நடத்துவதற்கு மக்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். வீடுதோறும் பெண்டிர் உலையில் அரிசி இடும்பொழுது, ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தனர். அவ்வாறு சேர்ந்த அரிசி திரட்டப்பட்டுப் பள்ளிக்குப் பயன்பட்டது. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. பல பிடிகள் சேர்ந்தமையால் பள்ளியில் அறிவுச்சுடர் ஒளிர்ந்தது. 1903ஆம் ஆண்டில் விருதுநகரிற் பிறந்த காமராசரும் இப்பள்ளியிற் பயின்றவரே ஆவார்.

விருதுநகரை அடுத்துள்ள தொழில் நகரம் சிவகாசி. 1922ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த அய்யநாடார், சண்முகநாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று மீண்டனர். அவர்கள் தொடங்கிய தொழில் நாளடைவிற் பட்டாசுத் தொழிலாகவும் அச்சுத் தொழிலாகவும் கிளைத்துப் பரவியது. நாடெங்கும் தீபாவளியன்று வெடிக்கும் பட்டாசுகளிற் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் உருவாவதே.

பட்டாசுத் தொழிலாளர் ஓராண்டு முழுவதும் உழைப்பது அந்த ஒரு நாளுக்காகவே. தீபாவளியை ஒட்டி அவர்கள் கையில் மிகையூதியம் சேர்கின்றது. திருநாள் கழிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடப்படுவது வழக்கம். அது மழைக்காலமும் ஆகும். பட்டாசுகளை உலர்த்துவதற்கு வெயில் வேண்டுமன்றோ? ஆகவே, பணம் மிகுதியாக வரும் காலத்தை அடுத்தே பணம் வாராத காலமும் வருகின்றது. அவ்வூதியம் முழுவதையும் கடைத்தெருவிற் செலவிட்டவர், அடுத்த மாத அரிசிக்குக் கடன் வாங்க நேரும். இவ்வுண்மை எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்துவதே.

திட்டமிட்டு வாங்குவோர் முதலில் தம் கையிலுள்ள தொகையை வரையறுத்துக் கொள்வர். திருநாளுக்குப் பின்வரும் மாதத்திற்கு வேண்டிய உணவு, வாடகை, பள்ளிச் செலவு ஆகியவற்றை அதிலிருந்து நீக்குவர். எஞ்சிய தொகையே திருநாளுக்கு உரியது. பின்னர், வாங்க வேண்டிய பொருள்களைப் பட்டியலாக எழுதி, இன்றியமையாதவை, வேண்டத்தக்கவை, தவிர்க்கத்தக்கவை என மூவகையாகப் பிரிப்பர். பட்டியலின்றிக் கடைக்குச் செல்பவர் துடுப்பின்றிப் படகேறியவரை ஒப்பர். “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்னும் பழமொழி இங்கு நினைக்கத்தக்கது.

ஆடி மாதத்திலும் தீபாவளிக் காலத்திலும் கடைகள் தள்ளுபடி விற்பனை நடத்துகின்றன. ஆடியில் திருமணங்கள் நிகழாமையால் வாணிகம் குறையும்; அக்குறையை நீக்க வணிகர் கண்ட வழியே ஆடித் தள்ளுபடி. வேண்டிய பொருளைக் குறைந்த விலைக்கு வாங்குவது அறிவுடைமை. விலை குறைந்தது என்பதற்காக வேண்டாத பொருளை வாங்குவது பேதைமை.

தள்ளுபடியின் உண்மை அளவைக் கணக்கே காட்டும். 1,000 ரூபாய் என்று குறித்த பொருளுக்கு நூற்றுக்கு 80 தள்ளினால் விலை 200 ரூபாய். 400 ரூபாய் என்று குறித்து நூற்றுக்கு 50 தள்ளினாலும் விலை அதே 200 ரூபாய்தான். பட்டாசு விலைப்பட்டியல்களிற் காணும் பெரிய தள்ளுபடிகளை இவ்வாறே ஆராய்தல் வேண்டும். எவ்வளவு தள்ளினர் என்பதைவிட, எவ்வளவு கொடுக்கின்றோம் என்பதே கருதத்தக்கது. மேலும், நூற்றுக்கு 50 தள்ளி, எஞ்சிய விலையில் மீண்டும் 20 தள்ளினால், மொத்தத் தள்ளுபடி 70 அன்று, 60 மட்டுமே.

கடன் வாங்கித் தள்ளுபடியை நாடுவோர் ஏமாற்றமே அடைவர். 5,000 ரூபாய்த் துணியை ஒருவர் 4,500 ரூபாய்க்கு வாங்குகின்றார் என்க. அத்தொகையை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்குக் கடனாகப் பெற்றிருந்தால், மாத வட்டி 135 ரூபாய். நான்கு மாதத்தில் வட்டி 540 ரூபாய் ஆகும். 500 ரூபாய் ஊதியம் மறைந்தது. கடனோ அப்படியே நிற்கின்றது.

இதற்கு மாற்று, முன்கூட்டியே சேமித்தல். வாரம் 50 ரூபாய் சேர்ப்பவர் 52 வாரங்களில் 2,600 ரூபாய் பெறுவர். சீட்டுச் சேர்வோர், 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என உசாவியறிதல் வேண்டும். பதிவில்லாத் தீபாவளிச் சீட்டில் பணமிழந்து வருந்தினோர் பலர்.

பட்டாசு வாங்குவதிலும் கருத்து வேண்டும். உரிமம் பெற்ற கடையிலேயே அதனை வாங்குதல் நன்று. இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மலிவென்று மிகுதியாக வாங்கி வீட்டில் வைப்பது பேரிடருக்கு இடமாகும். ஈரமேறினால் வீணாகவும் போகும். சிவகாசிக்கே சென்று வாங்குவோர் வழிச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும். இரயிலிற் பட்டாசு கொண்டு செல்வதோ சட்டப்படி குற்றம்.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. கருமி தானும் உண்ணான், பிறர்க்கும் ஈயான். சிக்கனமுடையவனோ வீண்செலவை ஒழித்து, நற்செலவுக்கு வழி வகுக்கின்றான். பிடியரிசி எடுத்து வைத்த அன்னையர் தம் மக்களைப் பசியில் வாட விடவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கும் உதவினர். அவர்தம் வழியைப் பின்பற்றி அளவறிந்து செலவிடும் இல்லத்தில், திருநாள் கழிந்த பின்னும் மகிழ்ச்சி நிலைத்து நிற்கும்.