கிருமிநாசினிக் கரைசலின் மறுபயன்பாடு

கிருமிநாசினிக் கரைசலின் மறுபயன்பாடு என்பது, செறிந்த கிருமிநாசினியை நீரில் கலந்து ஒருமுறை பயன்படுத்தியபின் எஞ்சும் கரைசலைக் கொட்டாமல் வைத்திருந்து மீண்டும் பயன்படுத்துவதைக் குறிக்கும். வீட்டில் பியர் தயாரிப்போர், பால் மற்றும் கோழிப் பண்ணையாளர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் எனப் பலரும் இம்முறையைக் கையாளுகின்றனர். இதனால் நீரும் செலவும் மிச்சமாகின்றன. எனினும் வலுவிழந்த கரைசல் பெரும்பாலும் வலுவுள்ள கரைசலைப் போலவே தோற்றமளிக்கும். ஆகவே எதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது அதிலுள்ள வேதிப்பொருளைப் பொறுத்தே அமைகின்றது.

வீட்டுப் பியர் தயாரிப்பில்

ஐக்கிய இராச்சியத்தில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கான உரிமக் கட்டாயம் 1963-இல் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இதனை அனுமதிக்கும் கூட்டரசுச் சட்டம் 1978-இல் கையொப்பமானது. தமிழ்நாட்டில் இது சட்டப்படி குற்றமாகும். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997-இல் அம்மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதாகும்.

பியர் தயாரிப்பில் மாவூறலைக் கொதிக்கவைத்து ஆற்றியபின், அதனைத் தொடும் ஒவ்வொரு கலனும் குழாயும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் காட்டு நொதியங்களும் இலாக்டிக் அமில பாக்டீரியாக்களும் புகுந்து முழுத் தயாரிப்பையும் புளிக்கச் செய்துவிடும். இதற்குப் பரவலாகப் பயன்படும் ஸ்டார் சான் என்பது பாசுபாரிக் அமிலமும் டோடெசைல்பென்சீன் சல்போனிக் அமிலமும் சேர்ந்த கலவை. ஏறத்தாழ 30 மில்லிலீட்டரை 19 லீட்டர் நீரில் கலப்பர். இவ்வளவு கரைசலை ஒரே ஒரு புட்டிக்காகக் கலந்து கொட்டுவது வீண் என்பதால், மூடிய வாளியிலும் தெளிப்பான் புட்டியிலும் வைத்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் உண்டு.

இக்கரைசலின் வலு அதன் அமிலத்தன்மையில் உள்ளது. பி.எச் மதிப்பு 3-க்குக் கீழ் இருக்கும்வரை அது செயற்படும். காய்ச்சி வடித்த நீரில் கலந்து மூடிவைத்தால் பல வாரங்கள் தாங்கும். கடினநீரில் கலந்தாலோ சற்று நேரத்திலேயே கலங்கிவிடும். நீரிலுள்ள கால்சியம் சல்போனிக் அமிலத்துடன் சேர்வதே கலங்கலுக்குக் காரணம். அந்நீரின் பைகார்பனேட்டு பி.எச் மதிப்பையும் உயர்த்துகின்றது. கலங்கல் மட்டுமே கரைசல் கெட்டதற்குச் சான்றாகாது, பி.எச் தாளே தீர்மானிக்க வேண்டும்.

பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது இதற்கு நேர் எதிரான வழி. அங்கே நொதித்தலைத் தடுப்பது காரம். ஆனால் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுவதால், பழைய பூச்சை நம்பாமல் புதிதாகப் பூச வேண்டியுள்ளது.

நாமக்கல் பண்ணைகளில்

ஜேடர்பாளையம் அமைந்துள்ள நாமக்கல் மாவட்டம் முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்றது. இங்கே கலந்துவைத்த கரைசலை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, பண்ணை வாயிலில் உள்ள கால் நனைக்கும் தொட்டியாகும். காலணியில் ஒட்டிவரும் எச்சத்தின் வழியே வெள்ளைக்கழிச்சல் நோய் உள்ளே புகாமல் தடுப்பது அதன் நோக்கம். இராணிக்கேட் நோய் எனவும் அழைக்கப்படும் இந்நோய், தடுப்பூசி போடப்படாத கூட்டத்தில் மிகப் பெரும்பாலான கோழிகளைக் கொன்றுவிடக் கூடியது.

ஒருவர் கால் வைத்தவுடனேயே தொட்டியின் கரைசல் பயன்படுத்தப்பட்ட கரைசலாகிவிடுகின்றது. அடுத்து வரும் ஒவ்வொருவரும் சிறிது எச்சத்தையும் மண்ணையும் அதில் விட்டுச்செல்கின்றனர். குளோரினும் அயோடினும் இந்தக் கரிமப் பொருட்களுடன் வினைபுரிந்தே தீர்ந்துபோகின்றன. கிருமிக்கென எஞ்சுவது சிறிதே. பன்றிப் பண்ணைக் காலணிகளைக் கொண்டு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், எச்சம் படிந்த காலணியுடன் தொட்டியை வெறுமனே கடந்து செல்வதால் பாக்டீரியாக்கள் குறையவில்லை எனவும், முதலில் தேய்த்துக் கழுவியதே பயனளித்தது எனவும் கண்டறியப்பட்டது. எனவே தொட்டிக்கு முன்னால் ஒரு தூரிகையும் நீர்க்குழாயும் இல்லாத பண்ணையில், தொட்டி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

நீரும் கவனிக்கத்தக்கது. காவிரிக்கரையில் உள்ள ஜேடர்பாளையத்தில் கிடைக்கும் ஆற்றுநீரும், உள்நிலத்தில் கடும்பாறையைத் துளைத்த ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே தன்மையுடையன அல்ல. ஒரே மருந்தை ஒரே அளவில் கலந்தாலும், கடினநீரில் நான்கிணைய அம்மோனியம் சேர்மங்களின் வலு குறையும்.

வலு குறையும் வழிகள்

வெளுப்புத் தூளில் (பிளீச்சிங் பவுடர்) தொடக்கத்தில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் இருக்கும். 0.5 விழுக்காட்டுக் கரைசலுக்கு லீட்டருக்கு 15 கிராம் தூள் போதும். 20 லீட்டர்த் தொட்டிக்கு 300 கிராம். மூட்டை ஈரம்பட்டுக் குளோரின் 20 விழுக்காடாகக் குறைந்திருந்தால், அதே 300 கிராம் 0.3 விழுக்காட்டுக் கரைசலையே தரும். அதன்பின் வெயில், வெப்பம், அழுக்கு மூன்றும் அதனை மேலும் சிதைக்கும். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது குளோரின் கரைசலை நாள்தோறும் புதிதாகக் கலக்கும்படி அறிவுறுத்தப்பட்டது இதனாலேயே.

பியர் தயாரிப்பில் மில்லியனுக்கு 12.5 பங்கு அளவில் பயன்படும் அயடோஃபோர் கரைசலில் அயோடின் ஆவியாகிப் போகும். திறந்த வாளியில் இது விரைவாக நிகழும். அதன் பழுப்பு மஞ்சள் நிறம் வெளிறுவது நல்ல எச்சரிக்கை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் இவ்வாறே தன்னிலையைக் காட்டிக்கொடுக்கும்: ஊதா நிறம் பழுப்பாக மாறினால் அது தீர்ந்துவிட்டது. பெர்அசெட்டிக் அமிலம் நீர்த்த நிலையில் அசெட்டிக் அமிலமாகவும் ஆக்சிசனாகவும் பிரிந்துவிடுவதால் நெடுநாள் சேமிப்புக்கு ஏற்றதன்று. நான்கிணைய அம்மோனியம் சேர்மங்கள் நாட்பட்டும் நிலைத்திருக்கும். ஆயினும் மிச்சமிருக்கும் சவர்க்காரமும் பருத்தித் துணியும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

கரைசலில் வளரும் நுண்ணுயிர்கள்

வலுவிழத்தலைவிடத் தீங்கானது, கிருமிநாசினியே கிருமிக்கு உறைவிடமாவது. நான்கிணைய அம்மோனியக் கரைசலில் வைத்திருந்த பொருட்களைப் பயன்படுத்தியதால் நோயாளிகளின் குருதியில் சூடோமோனாசு பாக்டீரியா புகுந்த நிகழ்வுகள் 1958-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் பதிவாயின. பாதி தீர்ந்த புட்டியைக் கழுவாமல் அதன்மேலேயே புதுக் கரைசலை ஊற்றி நிரப்பும் வழக்கம் இதற்கு வழிவகுக்கும். புட்டியின் சுவரில் படிந்த மென்படலம் அப்படியே இருக்கும். புதுக் கரைசல் அதற்கு உணவாகவும் அமையலாம்.

பால் கறந்தபின் மாட்டின் காம்பை அயோடின் கரைசலில் முக்கும் கிண்ணத்திலும் இதே சிக்கல் உண்டு. கிண்ணத்தில் எஞ்சியதை மூலப் புட்டியில் திருப்பி ஊற்றினால், ஒரு மாட்டின் மடிநோய்க் கிருமி அடுத்த மாட்டிற்குச் செல்லக்கூடும்.

சோதனையும் சேமிப்பும்

முறையான மறுபயன்பாட்டுக்கு மருத்துவமனைகளின் குளூட்டரால்டிகைடு நல்ல எடுத்துக்காட்டு. செயலூட்டிய 2 விழுக்காட்டுக் கரைசல் பல தயாரிப்புகளில் 14 நாட்கள்வரை பயன்படும். அந்த 14 நாட்கள் உச்ச வரம்பு மட்டுமே. ஈரமான கருவிகளோடு சேர்ந்துவரும் நீர் கரைசலை நாளுக்கு நாள் நீர்த்துப்போகச் செய்வதால், சோதனைத் தாள் தேவையான செறிவைக் காட்டாவிட்டால் நான்காம் நாளிலேயே கொட்டிவிட வேண்டும். அமிலக் கரைசலுக்குப் பி.எச் தாளும், குளோரினுக்கும் அயோடினுக்கும் அவற்றுக்குரிய தாள்களும் கிடைக்கின்றன. அவற்றின் விலை கரைசலின் விலையோடு ஒப்பிடத்தக்கதே. கோழிக்கூட்டத்தின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

சேமிக்கும் கலன் மூடியுள்ளதாகவும், குளோரினுக்கு ஒளிபுகாததாகவும் இருத்தல் வேண்டும். மருந்தின் பெயர், அளவு, கலந்த நாள் மூன்றையும் அதன்மேல் எழுதிவைக்க வேண்டும். பெயர் எழுதாத இரு வாளிகளில் ஒன்றில் அமிலக் கரைசலும் மற்றொன்றில் வெளுப்புத் தூள் கரைசலும் இருந்து, யாரேனும் இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும். பழைய கரைசலை முழுவதும் கொட்டிக் கலனை நீரால் அலசியபின்னரே வேறு மருந்தை அதில் கலக்க வேண்டும். கொட்டும் கரைசல் மீன்களுக்கு நஞ்சாகலாம் என்பதால் அதனை ஆற்றிலோ வாய்க்காலிலோ விடுதல் கூடாது.