சீர்வரிசையோடு போக வேண்டிய சீட்டு

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், என் அக்கா கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் ஒரு கட்டுக் காகிதத்தைப் போட்டு எரித்தாள். அவள் மகளுக்கு நாலு வருஷமாக மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் அதில் அடக்கம். நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமா? கல்யாணம் முடிந்து அந்தப் பெண் தாம்பரத்துக்குப் புறப்பட்டபோது, இரண்டு மாதத்துக்கு வாங்கிய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காலி வைட்டமின் டப்பா ஒன்றில் கொட்டி, "யாரு கேட்டாலும் சத்து மாத்திரைன்னு சொல்லிரு, ஏட்டி" என்று பெட்டியில் வைத்துக் கொடுத்தவள் நான்தான்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை வீடுகளில் இதே டப்பா பெட்டிக்குள் போகிறதோ என்று நினைத்தால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவளுக்கு வந்த நோய் அது. சில வாரம் தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சு, கட்டுக்கடங்காத உற்சாகம். பிறகு சில மாதம் எழுந்து தலை வாரவும் மனமில்லாத சோர்வு. இருதுருவ நோய் என்றார் டாக்டர். சரியான மருந்து அமைந்த பிறகு படிப்பை முடித்தாள், டியூஷன் எடுத்தாள், வீட்டில் எல்லோரையும் கேலி செய்து சிரித்தாள். நன்றாக இருக்கிறாளே, இனி எதற்குச் சீட்டு என்று நாங்கள் நினைத்துவிட்டோம். மருந்தினால்தான் நன்றாக இருக்கிறாள் என்பது உறைக்கவில்லை.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் போனவள் இரண்டு மாதம் சந்தோஷமாகப் போனில் பேசினாள். டப்பா காலியாயிற்று. சீட்டில்லாமல் கடையில் கொடுக்க மாட்டார்கள். புருஷனிடம் சொல்லவும் பயம். எங்களிடம் கேட்கவும் அவளுக்குத் தயக்கம். மூன்றாம் மாதக் கடைசியில் தூக்கம் போயிற்று. நடுராத்திரி சமையல், விடியற்காலையில் மாடியில் பாட்டு. ஒரு நாள் பூக்காரம்மாவுக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். (அந்தப் புண்ணியவதி அன்று சாயங்காலமே மாமியார் கையில் திருப்பிக் கொடுத்தாள்!)

அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா? எந்த மருந்துக்குக் கேட்டது?" மாமியாருக்கு ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா அழுதுகொண்டே சொன்ன பதில்: "வெள்ளை மாத்திரை, தம்பி. ராத்திரி ரெண்டு." உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதானே!

பழைய டாக்டரிடம் கேட்கலாம் என்றால், அவர் வெளிநாடு போய் கிளினிக்கும் பூட்டிக் கிடந்தது. அங்கே டாக்டர் அனுபவத்தை வைத்து ஒரு மருந்து ஆரம்பித்தார். அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கை கால் விறைத்து, எச்சில் ஒழுகி, பகலெல்லாம் கிறங்கிக் கிடந்தாள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருட்டு அறையில் தேடச் சொன்னது நாங்கள்.

பத்தாவது நாள்தான் எனக்குப் புத்தியில் பட்டது, மாதாமாதம் மாத்திரை வாங்கிய தெருமுனை மருந்துக் கடை. கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் பழைய பில்லைப் பார்த்து ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: லித்தியம். எத்தனை மில்லிகிராம் என்பதும் அதில் இருந்தது. கடை வாசலிலேயே போட்டோ எடுத்து அனுப்பினேன். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அங்கே அதையே திரும்பத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, பழைய பெண்ணாக அவள் திரும்ப.

லித்தியம் பற்றி அதன் பிறகுதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அளவு குறைந்தால் பலனில்லை, கூடினால் விஷம். அதனால்தான் ராத்திரி மாத்திரை போட்டு பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வியர்வை கொட்டி உடம்பில் நீர் வற்றினாலும், உப்பை அடியோடு நிறுத்தினாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். ஊரைச் சுற்றி உப்பளமாக இருக்கிற தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு, "உப்பைக் குறை, உடம்புக்கு நல்லது" என்று அவளுக்கு உபதேசம் செய்தவளும் நானே! இடுப்பு வலிக்கு நாமாகக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் அளவைக் கூட்டிவிடும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இந்த விஷயமெல்லாம் ஒரு டாக்டரிடமிருந்து அடுத்த டாக்டருக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்?

வேறு மருந்துகளுக்கும் இப்படித்தான். க்ளோசபின் என்று ஒன்று. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கவே கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். மாத ஊசி போடுகிறவர்களுக்குக் கடைசி ஊசியின் தேதி தெரிய வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மருந்து கர்ப்பத்தில் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். கல்யாணமாகப் போகிற பெண்ணுக்கு அதைக் கொடுக்கிறார்களா என்று தாய்மார் கேட்டே ஆக வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், நம் பெண்கள்தான் அடிக்கடி டாக்டர் மாறுகிறவர்கள். கல்யாணத்தில் ஒரு ஊர், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு, கைக்குழந்தையோடு மறுபடி புருஷன் வீடு. இருதுருவ நோய் உள்ள பெண்ணுக்கு மிகவும் ஆபத்தான நேரமே பிரசவம் முடிந்த முதல் சில வாரம்தானாம். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் அவளை ஊர் மாற்றுகிறோம்!

அக்கா மகள் உண்டாவதற்கு முன்பே டாக்டரிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அவர்கள் கோபம் தணிய ஆறு மாதம் ஆகியிருந்தது. அது தனிக் கதை. மனநல டாக்டரும் பிரசவ டாக்டரும் கலந்து பேசி லித்தியத்தைத் தொடர்வது என்று முடிவு செய்தார்கள். கர்ப்பத்தில் ரத்தத்திலுள்ள லித்தியம் இறங்கும், பிரசவத்தோடு ஏறும் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். வளைகாப்பு முடிந்து இங்கே வருமுன் அவளிடம் டாக்டர் கடிதம் ஒன்று இருந்தது. இங்கே பார்க்க வேண்டிய டாக்டருக்கு அவரே போன் செய்து தேதியும் வாங்கிவிட்டார்.

இது அவர் காட்டிய சலுகை என்றுதான் நினைத்தேன். இல்லை, சட்டமே இருக்கிறது! 2017-ல் இயற்றி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98-வது பிரிவு, நோயாளி வீட்டுக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போகும்போது, அல்லது புதிய மனநல டாக்டர் பொறுப்பேற்கும்போது, பழைய டாக்டர் நோயாளியோடும் குடும்பத்தாரோடும் புதியவரோடும் கலந்து இனி என்ன சிகிச்சை என்று திட்டமிட வேண்டும் என்கிறது. 25-வது பிரிவின்படி தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்கிறவர்கள்தான் குறைவு.

அவளுக்குச் சங்கிலி கொடுத்த சமயத்தில், ஏர்வாடிக்குக் கூட்டிப் போங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். பிறகு அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டு, இருந்தவர்களை வீட்டுக்கும் அரசுக் கவனிப்புக்கும் மாற்றினார்கள். அவர்களுக்கு முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிய ஒரு தாளாவது கூடப் போயிருக்குமா என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. மருந்தின் கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உள்ளிருக்கும் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, முன்பு ஒத்துக்கொள்ளாதது எது, நோய் திரும்பும்போது முதலில் தெரியும் அறிகுறி (அவளுக்குத் தூக்கம் குறைவதும் நடுராத்திரி சமையலும்), கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. ஊர் மாறும்போது மாத்திரை இரண்டு வாரத்துக்காவது கூடுதலாகக் கையில் இருக்கும், அட்டையோடு. இடையில் டாக்டர் கிடைக்காவிட்டால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

குழந்தை பிறந்த பிறகு ராத்திரிப் பால் கொடுக்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள், புட்டிப்பால்தான். லித்தியம் தாய்ப்பாலில் கலக்கும் என்பதால் டாக்டர்கள் யோசித்துச் சொன்ன முடிவு அது. "பெத்தவ பால் குடுக்கலையா?" என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு அக்கா பதில் சொல்லவில்லை. மகள் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. போன வாரம் தாம்பரத்திலிருந்து மாமியாரம்மா பேசினார்: "நோட்டுல பக்கம் தீர்ந்துபோச்சு, சம்பந்தி. அதே மாதிரி நீல அட்டை அங்கே கிடைச்சா மக்ரூனோட சேர்த்து அனுப்பிடுங்க."